அடுப்பே வேண்டாம், அடுக்கினால் போதும்! சான் அன்டோனியோவின் ஏழு அடுக்கு டிப்

பிப்ரவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அமெரிக்காவில் பாதிப்பேர் டி.வி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். சூப்பர் பௌல் நாள். அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டி. நம் ஊரில் உலகக் கோப்பை ஃபைனல் அன்று தெருவே அடங்கிப்போகுமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

அன்று டெக்சாஸ் மாநிலத்தில் விருந்து நடக்கும் வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தால், சோபாவுக்கு நடுவே உள்ள மேஜையில் பெரும்பாலும் ஒரு நீள்சதுரக் கண்ணாடிப் பாத்திரம் இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் பட்டுப்புடவை பார்டர் போல வரிவரியாக நிறங்கள் தெரியும். அடியில் பழுப்பு, அதற்கு மேல் பச்சை, வெள்ளை, சிவப்பு, மஞ்சள், உச்சியில் கறுப்பும் இளம்பச்சையும். பக்கத்தில் ஒரு பெரிய கிண்ணம் நிறைய சோள சிப்ஸ். சிப்ஸை உள்ளே விட்டு அடிவரை தோண்டி எடுத்தால், ஒரே வாயில் ஏழு ருசி.

இதுதான் செவன் லேயர் டிப். நம் மொழியில் சொன்னால், ஏழு அடுக்குத் தொட்டுக்கை. அடுப்பு பற்றவைக்க வேண்டாம். டின்னைத் திறந்து, பழத்தை மசித்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் பரப்பினால் 20 நிமிடத்தில் ரெடி.

இவ்வளவு சுலபமான ஒரு பண்டத்துக்குப் பின்னால் ஓர் ஊரின் 300 ஆண்டுக் கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள டெக்சாஸின் தெற்குப் பக்கம் உள்ள சான் அன்டோனியோவுக்கு ஒரு நடை போய்வரலாம்.

ஊரே அடுக்கடுக்காகத்தான்!

சான் அன்டோனியோ, மக்கள்தொகையில் டெக்சாஸின் இரண்டாவது பெரிய நகரம். 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 14.3 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஹிஸ்பானிக் வம்சாவளியினர். பஸ் நிறுத்தத்திலும் மளிகைக் கடையிலும் ஆங்கிலமும் ஸ்பானிஷும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து காதில் விழும்.

ஆற்றங்கரையில் முதலில் வாழ்ந்தவர்கள் பயாயா என்ற பூர்வகுடிகள். 1718-ல் ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார்கள் இங்கே ஒரு மிஷனை நிறுவினார்கள். இன்று 'அலமோ' என்று உலகமே அறிந்த கட்டடம் அந்த மிஷனின் மிச்சம்தான். 1731-ல் ஆப்பிரிக்கக் கரையோரம் உள்ள கேனரி தீவுகளிலிருந்து சில குடும்பங்கள் கடல் தாண்டி வந்து குடியேறின. 1821-ல் ஊர் மெக்சிகோவின் கைக்குப் போனது. 1836-ல் டெக்சாஸ் தனி நாடானது. 1845-ல் அமெரிக்காவோடு சேர்ந்தது. நடுவில் ஜெர்மானியர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

வந்தவர்கள் யாரும் பழைய அடுக்கைக் கலைக்கவில்லை. அதன் மேலேயே தங்கள் அடுக்கைப் பரப்பினார்கள். ஊரின் சமையலும் அப்படித்தான் வளர்ந்தது. அதற்குப் பெயர் 'டெக்ஸ்-மெக்ஸ்'.

இந்தப் பெயர் முதலில் சாப்பாட்டுக்கு வைத்ததில்லை. 1875-ல் அனுமதி பெற்ற டெக்சஸ்-மெக்சிகன் ரயில்வேயின் செல்லப்பெயர் அது. ரயிலின் பெயர் பிறகு மனிதர்களுக்கும், கடைசியில் அவர்களின் தட்டுக்கும் வந்து சேர்ந்தது.

முதல் அடுக்கு: பீன்ஸ்

பாத்திரத்தின் அடியில் போவது 'ஃப்ரிஹோலஸ் ரெஃப்ரிட்டோஸ்'. ஆங்கிலத்தில் ரீஃப்ரைடு பீன்ஸ் என்கிறார்கள். பெயரைப் பார்த்து இரண்டு முறை பொரித்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்பானிஷ் மொழியில் அந்த 'ரெ' என்ற முன்னொட்டுக்கு 'நன்றாக' என்று பொருள். வேகவைத்து, மசித்து, கொழுப்பில் நன்றாக வதக்கிய பீன்ஸ். அவ்வளவுதான்.

இதற்குப் போடுவது பின்ட்டோ பீன்ஸ். பின்ட்டோ என்றால் வர்ணம் தீட்டியது. வெளிர் பழுப்புத் தோலில் சிவப்புத் தீற்றல்கள் இருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் ராஜ்மாவும் இதுவும் ஒரே தாவர இனம். இரண்டுக்குமே பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். பாரம்பரிய முறையில் இந்த பீன்ஸை வதக்குவது பன்றிக்கொழுப்பில். வெறும் பீன்ஸ்தானே என்று நம்பி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பிறகு தெரிந்து நொந்துபோகிறவர்கள் உண்டு. டின்னின் லேபிளில் 'லார்ட்' என்றோ, ஸ்பானிஷில் 'மான்டேகா' என்றோ இருந்தால் அது பன்றிக்கொழுப்பு. 'வெஜிடேரியன்' என்று தனியாக அச்சிட்ட டின்களும் அதே அலமாரியில் இருக்கும். உணவகத்தில் என்றால், ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. கூடவே வரும் செந்நிறச் சாதத்தைக் கோழிச் சாறில் வேகவைக்கும் வழக்கமும் உண்டு என்பதால், அதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அடுக்கு: குவாக்கமோலே

பீன்ஸுக்கு மேல் பச்சை அடுக்கு. அவகாடோ என்கிற வெண்ணெய்ப்பழத்தை மசித்து, எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்தது. ஆஸ்டெக் மக்களின் நவாட்டல் மொழியில் அவகாடோவின் பெயர் 'அவாகட்ல்'. சாந்து அல்லது குழம்புக்கு 'மொல்லி'. இரண்டும் சேர்ந்ததுதான் குவாக்கமோலே. தக்காளி என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லும் அதே மொழியின் 'டோமட்ல்' என்பதிலிருந்து வந்ததுதான்.

மெக்சிகோ சமையலறைகளில் இதை அரைப்பது 'மொல்காஹெட்டே' என்ற எரிமலைக்கல் குழியில். மூன்று குட்டிக் கால்களோடு நிற்கும். நம் வீட்டு இடிகல்லைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடும். சோளத்தை அரைக்க 'மெட்டாட்டே' என்று சாய்வான கல் ஒன்று இருக்கிறது. அது அசல் அம்மியேதான், கூடவே குழவியும் உண்டு.

இத்தனை நெருக்கமான பக்கத்து நாடாக இருந்தும், மெக்சிகோவின் அவகாடோவை அமெரிக்கா நெடுங்காலம் உள்ளே விடவில்லை. பூச்சி பரவும் என்ற காரணத்தைச் சொல்லி 1914-ல் தடை போட்டார்கள். 1997-ல்தான் சில மாநிலங்களுக்கு மட்டும் கதவு திறந்தது. அமெரிக்கா முழுவதும் ஆண்டு முழுக்க மெக்சிகோ அவகாடோ கிடைக்க ஆரம்பித்தது 2007-ல். இன்று சூப்பர் பௌல் வாரத்தில் லாரி லாரியாக எல்லை தாண்டி வருவது இந்தப் பழம்தான்.

மூன்றாவது அடுக்கு: சவர் கிரீம், அதற்குள் ஒரு கண்ணீர்க் கதை

வெள்ளை அடுக்கு, புளிப்பேறிய சவர் கிரீம். அதில் மிளகாய்ப்பொடி, சீரகம், பூண்டுப்பொடி, ஆரிகானோ கலந்திருக்கும். கடையில் டாக்கோ சீசனிங் என்று பொட்டலமாக விற்கிறார்கள். இந்தப் பொடியின் வாசனையைத் தேடிப்போனால், ஊரின் நடுவில் உள்ள மிலிட்டரி பிளாசா என்ற சதுக்கத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

இன்று அந்தச் சதுக்கத்தின் நடுவே நகரமன்றக் கட்டடம் நிற்கிறது. 1880-களில் அது திறந்தவெளி. பகலில் காய்கறிச் சந்தை, மாட்டுவண்டிக் கூட்டம். பொழுது சாய்ந்ததும் அந்த இடம் பெண்களின் கைக்கு மாறிவிடும். ஊரின் மேற்குப் பக்கத்திலிருந்து மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் பெரிய பெரிய பானைகளோடு வருவார்கள். நீள மேஜை போட்டு, லாந்தர் ஏற்றி, விறகு மூட்டுவார்கள். இறைச்சியும் காய்ந்த மிளகாயும் போட்டுக் கொதித்த சில்லி கான் கார்னே, பீன்ஸ், சோள ரொட்டியான டோர்ட்டியா, இலையில் வைத்து அவித்த தமாலே. ஒரு தட்டு சாப்பாடு 10 சென்ட்.

இவர்களுக்கு ஊர் வைத்த பெயர் 'சில்லி குயின்ஸ்', மிளகாய் ராணிகள். கூலித்தொழிலாளிகள், மாடு மேய்ப்பவர்கள், படைவீரர்கள், ரயிலில் வந்திறங்கிய பணக்காரச் சுற்றுலாப் பயணிகள் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எழுத்தாளர் ஸ்டீஃபன் கிரேன் 1895-ல் இந்த ஊருக்கு வந்து, இவர்களின் கடைகளைப் பற்றியும் எழுதினார். 1893-ல் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் 'சான் அன்டோனியோ சில்லி' என்று ஒரு கடையே போடப்பட்டது.

ராணிகள் என்று பட்டம் கிடைத்தது. நிலையான இடம் கிடைக்கவில்லை. நகரமன்றக் கட்டடம் எழும்பியபோது மிலிட்டரி பிளாசாவிலிருந்து நகர்ந்தார்கள். பிறகு ஒவ்வொரு சதுக்கமாக மாறி மாறிப் போனார்கள். 1930-களில் சுகாதார விதிகள் இறுகின. திறந்தவெளியில் சமைக்கக் கூடாது, பாத்திரம் கழுவ ஓடும் நீர் வேண்டும் என்றார்கள். அந்த நாள்களில் மேற்குப் பக்கக் குடியிருப்புகளில் காசநோய் கடுமையாக இருந்தது உண்மை. குடிநீரும் கழிவுநீர் வசதியும் சரியாக இல்லாத அந்தத் தெருக்களைச் சரிசெய்வதற்கு முன்பே, அங்கிருந்து வந்த பெண்களின் அடுப்பு அணைந்தது. 1939-ல் மேயரான மோரி மேவரிக், வலை அடித்த கூடாரங்களுக்குள் கடை நடத்தட்டும் என்று திரும்ப அனுமதித்தார். அதுவும் நீடிக்கவில்லை. 1940-களின் தொடக்கத்தோடு கதை முடிந்தது.

அவர்களின் ருசி மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியக் குடியேறி, பக்கத்து ஊரான நியூ பிரான்ஃபெல்ஸில் உணவகம் நடத்தியவர். மிளகாய் சீசன் முடிந்தால் சில்லி சமைக்க முடியவில்லையே என்று யோசித்தவர், 1890-களில் காய்ந்த மிளகாயை மசாலாவோடு அரைத்துப் பாட்டிலில் அடைத்தார். மிளகாய்ப்பொடி வியாபாரம் சூடுபிடித்தது. சதுக்கத்தில் பானையோடு நின்றவர்கள் போன பிறகும், அந்த வாசனை பாட்டிலிலும் டின்னிலும் அமெரிக்கா முழுக்கப் பயணம் செய்தது.

சீரகம் இந்தச் சமையலுக்குள் தூக்கலாக வந்ததற்குக் காரணம், 1731-ல் வந்த கேனரி தீவுக் குடும்பங்கள் என்று சில உணவு வரலாற்று எழுத்தாளர்கள் சொல்கிறார்கள். மிளகாய் இங்கிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவுக்குப் போனது. நம் முன்னோர் அதற்கு மிளகின் பெயரையே சூட்டி மிளகாய் ஆக்கினார்கள்.

நான்காவது அடுக்கு: சல்சா

சிவப்பு அடுக்கு. தக்காளி, வெங்காயம், ஹலபீனோ மிளகாய், கொத்தமல்லித்தழை. ஸ்பானிஷ் மொழியில் சல்சா என்றால் சாஸ், அவ்வளவுதான். 1947-ல் டேவிட் பேஸ் என்பவர் சான் அன்டோனியோவில் இதைப் பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்தார். 1991-ல் அமெரிக்காவில் விற்பனைத் தொகையில் தக்காளி கெட்சப்பையே சல்சா முந்தியது. நாட்டின் பத்திரிகைகள் அதை ஒரு பெரிய செய்தியாகவே எழுதின.

ஐந்தாவது அடுக்கு: மஞ்சள் சீஸ்

மெக்சிகோ வீடுகளில் பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் உதிரும் புதுச் சீஸ்தான். மஞ்சள் நிற செடார், ஆங்கிலேய வழியில் வந்து அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பெருகியது. டெக்ஸ்-மெக்ஸ் தட்டை அடையாளம் காண வேண்டுமென்றால் இந்த மஞ்சளைத் தேடினால் போதும்.

1972-ல் டயானா கென்னடி என்ற சமையல் எழுத்தாளர் மெக்சிகோ சமையல் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அசல் மெக்சிகோ உணவு வேறு, எல்லைக்கு இந்தப் பக்கம் கிடைப்பது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். அதன் பிறகு பலரும் டெக்ஸ்-மெக்ஸை கலப்படச் சரக்கு போலப் பார்க்கத் தொடங்கினார்கள். டெக்சாஸ்காரர்களுக்கு அது வலித்தது. எங்கள் பாட்டிகள் இங்கேயே பிறந்து, இங்கே கிடைத்ததை வைத்துச் சமைத்தது எப்படிப் போலியாகும் என்பது அவர்கள் கேள்வி. இன்று அந்தப் பெயரையே பெருமையாகப் பலகையில் எழுதிவைக்கிறார்கள்.

ஆறும் ஏழும்: ஆலிவும் வெங்காயத்தாளும்

கறுப்பு ஆலிவ், மத்தியதரைக்கடல் பக்கத்துப் பழம். ஸ்பெயின் பாதிரியார்களோடு அமெரிக்கா வந்து, கலிஃபோர்னியாவில் வேர்பிடித்து, டின்னில் அடைபட்டு இந்தப் பாத்திரத்துக்கு வந்தது. கடைசியாகப் பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். பார்க்க அழகு என்பதோடு, கொழுப்பான மற்ற அடுக்குகளுக்கு நடுவே ஒரு சின்னக் காரமும் மொறுமொறுப்பும் கொடுக்கும்.

அள்ளுவதற்கு சிப்ஸ்

சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் நீக்கி அரைப்பது மெக்சிகோவின் பல ஆயிரம் ஆண்டு நுட்பம். வெற்றிலையோடு நாம் போடுகிற அதே சுண்ணாம்பு வகைதான். அப்படி அரைத்த மாவில் தட்டியது டோர்ட்டியா. அதை வெட்டிப் பொரித்தால் சிப்ஸ்.

1932-ல் சார்லஸ் எல்மர் டூலின் என்பவர் சான் அன்டோனியோவில் ஒரு சோள நொறுக்கின் செய்முறையை விலைக்கு வாங்கி, தன் அம்மாவின் சமையலறையில் தயாரிக்கத் தொடங்கினார். ஃப்ரிட்டோஸ் என்ற பெயரில் அது நாடு முழுக்கப் பரவியது.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். பீன்ஸ் டின்னில், சல்சா பாட்டிலில், மசாலா பொட்டலத்தில், சிப்ஸ் பையில். ஒரு காலத்தில் அம்மியில் சோளம் அரைத்தே பெண்களின் நாளில் பெரும்பகுதி போய்விடும். அந்த வேலையெல்லாம் தொழிற்சாலைக்குப் போன பிறகுதான், வேலைக்குப் போய்வந்த ஒரு பெண் 20 நிமிடத்தில் ஒரு விருந்துப் பண்டத்தைத் தயார் செய்ய முடிந்தது. டெக்சாஸ் வீடுகளில் கைமாறிக்கொண்டிருந்த இந்த டிப், 1980-களின் தொடக்கத்தில் 'ஃபேமிலி சர்க்கிள்' என்ற குடும்பப் பத்திரிகையில் 'டெக்ஸ்-மெக்ஸ் டிப்' என்ற பெயரில் அச்சேறியது. ஏழு என்ற எண்ணிக்கை பிறகு ஒட்டிக்கொண்டது. இன்றும் ஐந்து அடுக்கு, ஒன்பது அடுக்கு என்று வீட்டுக்கு வீடு மாறும்.

வீட்டில் செய்வது எப்படி?

8 முதல் 10 பேருக்கு, சுமார் 33 சென்டிமீட்டர் நீளமும் 23 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கண்ணாடிப் பாத்திரம் ஒன்று போதும்.

தேவையானவை: ரீஃப்ரைடு பீன்ஸ் 2 டின் (தலா சுமார் 450 கிராம்), பழுத்த அவகாடோ 4, எலுமிச்சைச் சாறு 2 டேபிள்ஸ்பூன், சவர் கிரீம் 450 கிராம், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், சீரகத்தூள் 1 டீஸ்பூன், பூண்டுப்பொடி அரை டீஸ்பூன், ஆரிகானோ அரை டீஸ்பூன், சல்சா ஒன்றரை கப், துருவிய செடார் சீஸ் 2 கப், விதை நீக்கி நறுக்கிய கறுப்பு ஆலிவ் அரை கப், வெங்காயத்தாள் 4, உப்பு தேவைக்கு, சோள சிப்ஸ் 2 பெரிய பாக்கெட்.

1. பீன்ஸைக் கரண்டியால் நன்றாகக் கிளறி இளக்குங்கள். கெட்டியாக இருந்தால் ஒரு ஸ்பூன் சல்சாவோ தண்ணீரோ விடலாம். இளகாமல் இருந்தால் சிப்ஸ் உடையும். பாத்திரத்தின் அடியில் சமமாகப் பரப்புங்கள்.

2. அவகாடோவை எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்து மசித்து பீன்ஸின் மேல் பரப்புங்கள்.

3. சவர் கிரீமில் எல்லாப் பொடிகளையும் கலந்து, அவகாடோ கொஞ்சமும் வெளியே தெரியாதபடி ஓரம் வரை மூடுங்கள். வெட்டிய அவகாடோ காற்றுபட்டால் கறுக்கும். எலுமிச்சையின் புளிப்பும், மேலே மூடிய கிரீமும் அதைத் தள்ளிப்போடும். இந்த வரிசைக்குக் காரணமே இதுதான்.

4. சல்சாவை வடிகட்டியில் 10 நிமிடம் வைத்து நீர் வடித்த பிறகு பரப்புங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஒரு மணி நேரத்தில் பாத்திரம் குளமாகிவிடும்.

5. சீஸ், ஆலிவ், வெங்காயத்தாளை வரிசையாகத் தூவுங்கள். மூடி, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்துப் பரிமாறுங்கள். முதல் நாள் இரவே செய்வதென்றால் மூன்று அடுக்கோடு நிறுத்திக்கொண்டு, மற்ற நான்கையும் மறுநாள் சேர்க்கலாம்.

நம் ஊரில் கிடைப்பதை வைத்து...

சவர் கிரீமுக்குப் பதில், ஒரு கிலோ கெட்டித்தயிரைத் துணியில் கட்டி ஃபிரிட்ஜுக்குள் 4, 5 மணி நேரம் நீர் வடியவிட்டால் போதும். ஹலபீனோவுக்குப் பதில் பச்சைமிளகாய். அவகாடோ கொடைக்கானல் கீழ்மலைப் பகுதியிலும் ஏற்காட்டிலும் காபித் தோட்டங்களுக்கு நடுவே விளைகிறது. பட்டர் ஃப்ரூட் என்று கேட்டாலே பழக்கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். காம்பருகில் லேசாக அழுத்தினால் அமுங்க வேண்டும். கல்லாக இருந்தால் வாழைப்பழத்தோடு காகிதப்பையில் இரண்டு நாள் வையுங்கள்.

பீன்ஸுக்குப் பதில் ராஜ்மா போடலாம். ஆனால், ஓர் எச்சரிக்கை. அடுப்பில்லாச் சமையல் என்றதும் ஊறவைத்த பச்சை ராஜ்மாவை அப்படியே அரைத்துவிடக் கூடாது. வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். டின் பீன்ஸ் ஏற்கெனவே முழுதாக வெந்தது என்பதால்தான் அதற்கு அடுப்பு வேண்டியதில்லை. ராஜ்மா என்றால் இரவு ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் குழைய வேகவைத்து, ஆறிய பிறகே மசியுங்கள்.

இன்னொன்று, நேரக்கணக்கு. பாலும் பழமும் கலந்த இந்த டிப்பை ஃபிரிட்ஜுக்கு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். சென்னைக்கும் மதுரைக்கும் வருடத்தில் பாதி நாள் இந்த இரண்டாவது கணக்குதான் பொருந்தும். ஐஸ்கட்டி நிரப்பிய பெரிய தட்டின் மேல் பாத்திரத்தை வைத்துப் பரிமாறலாம்.

போனால் எங்கே போகலாம்?

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் பெற்றோருக்கு, ஹூஸ்டனிலிருந்து சான் அன்டோனியோ சுமார் 320 கிலோமீட்டர். பியர்லேண்ட் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகும் பயணத்தோடு சேர்த்து இரண்டு நாள் ஒதுக்கினால் நிதானமாகப் பார்க்கலாம்.

காலையில் அலமோ. அங்கிருந்து ஆற்றை ஒட்டி, தெரு மட்டத்துக்குக் கீழே ஓடும் ரிவர் வாக் நடைபாதை. 1946-ல் அந்தக் கரையில் முதல் உணவகமாகத் திறந்த காசா ரியோ இன்னும் வண்ணக்குடைகளோடு இருக்கிறது. மேலேறி வந்தால் மெயின் பிளாசா. அங்குள்ள சான் ஃபெர்னாண்டோ தேவாலயத்தின் முகப்பில், குறிப்பிட்ட சில இரவுகளில் ஊரின் வரலாற்றை ஒளிச்சித்திரமாக இலவசமாகக் காட்டுகிறார்கள். தேவாலயத்துக்குப் பின்னால்தான் சில்லி குயின்ஸ் நின்ற மிலிட்டரி பிளாசா. இன்னும் கொஞ்சம் மேற்கே நடந்தால் மார்க்கெட் ஸ்கொயர். காகிதத் தோரணங்கள், மண் பொம்மைகள், 1941-லிருந்து நடக்கும் மி டியெர்ரா உணவகம், அதன் வாசலில் இனிப்பு ரொட்டி வாசனை. தெற்கே உள்ள நான்கு பழைய மிஷன்களும் அலமோவும் சேர்ந்து 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாயின. 2017-ல் அதே யுனெஸ்கோ இந்த நகரத்தை உணவுக்கலைக்கான படைப்பாக்க நகரமாகவும் சேர்த்துக்கொண்டது.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், வெயில் 35 டிகிரியைத் தாண்டும். ஏப்ரலில் போனால் 1891-லிருந்து நடக்கும் ஃபியெஸ்டா திருவிழாவையும் பார்க்கலாம். அந்த நாள்களில் லா வில்லிட்டா என்ற பழைய குடியிருப்பில் சில இரவுகள் தெருவே சாப்பாட்டுக் கடைகளால் நிறையும்.

இதையெல்லாம் விட நல்ல வாய்ப்பு, யாராவது வீட்டு விருந்துக்கு அழைப்பது. அமெரிக்காவில் பாட்லக் என்றால் ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுபோவார்கள். பாத்திரம் மாறிவிடாமல் இருக்க, அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி அதில் பெயர் எழுதிவிடுவது வழக்கம். டிப் காலியாகி, கண்ணாடியைத் தூக்கும்போது அந்தப் பெயர் தெரியும். யார் செய்தது என்று கேட்டு, ரெசிப்பி வாங்கிக்கொண்டு போவார்கள். மிலிட்டரி பிளாசாவில் பானையோடு நின்றவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் இப்படி எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. அவர்கள் கலந்த மிளகாயும் சீரகமும் மட்டும் இன்றைக்கும் மூன்றாவது அடுக்கில் இருக்கின்றன.